சிங்கப்பூரில் ஏன் இத்தனை டான்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "இங்க எல்லாருக்கும் டான்னே பேரு வெச்சுடுறாங்களா?" ஆஸ்பத்திரிக்கு டான், ரயில் நிலையத்துக்கு டான், முன்னாள் அதிபர் டான், மேலதிகாரி டான், எதிர்வீட்டுக்காரரும் டான். பலருக்கு வாய்வார்த்தையாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம்.

டான் என்பது ஆளின் பெயரா, குடும்பப் பெயரா?

குடும்பப் பெயர். சீனர்கள் அதை முன்னால் வைப்பார்கள், சொந்தப் பெயர் பின்னால் வரும். டான் கா கீ என்றால் டான் குடும்பத்துக் கா கீ. நம்மூரில் முன்னெழுத்தைத் தள்ளிவிட்டுப் பின்னால் இருப்பதைச் சொல்லிக் கூப்பிட்டே பழகிய நமக்கு இங்கே கால் இடறும். டான் வெய் மிங் என்று ஒருவர் இருந்தால் அவரை "மிஸ்டர் மிங்" என்று அழைத்து மின்னஞ்சல் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் "மிஸ்டர் டான்", அல்லது நெருங்கிப் பழகினால் "வெய் மிங்". "மிங்" மட்டும் பாதிப் பெயர்.

ஆங்கிலப் பெயரும் சேர்ந்தால் குடும்பப் பெயர் நடுவில் மாட்டிக்கொள்ளும். டோனி டான் கெங் யாம் என்பதில் டோனி ஆங்கிலப் பெயர், டான் குடும்பப் பெயர், கெங் யாம் சீனப் பெயர். திருமணமானாலும் சீனப் பெண்கள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை விடுவதில்லை. ஆகவே "மேடம் டான்" என்றால் டான் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று பொருளில்லை. டான் வீட்டில் பிறந்தவர்.

உண்மையிலேயே அவ்வளவு பேர் இருக்கிறார்களா, அல்லது கண்ணில் படுவதுதானா?

இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தபோது சிங்கப்பூர்ச் சீனர்களின் குடும்பப் பெயர்களில் டான் முதலிடத்தில் இருந்தது, அடுத்து லிம், அதற்கடுத்து லீ. அப்போது இங்கிருந்த சீனர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அவர்களில் பத்துக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டி டான்.

எண்ணைவிட நன்றாக விளங்க வேண்டுமானால் 2011 அதிபர் தேர்தலை நினைத்துப் பாருங்கள். போட்டியிட்டவர்கள் நான்கு பேர்: டோனி டான், டான் செங் போக், டான் ஜீ சே, டான் கின் லியான். வாக்குச்சீட்டில் மேலிருந்து கீழ்வரை டான். முடிவு வருவதற்கு முன்பே "அடுத்த அதிபர் டான்தான்" என்று யார் வேண்டுமானாலும் பந்தயம் கட்டியிருக்கலாம். கடைசியில் டோனி டான் 7,382 வாக்கு வித்தியாசத்தில் டான் செங் போக்கை முந்தினார். நான்கு பேரும் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர்.

சரி, ஏன் டான்? சீனாவிலும் இதுதான் முதலா?

இல்லை. இதுதான் சுவையான இடம். சீனா முழுவதையும் எடுத்துக்கொண்டால் வாங், லீ, ஜாங், லியூ ஆகிய நான்கும் முன்னால் நிற்கின்றன. டான் என்று இங்கே நாம் சொல்லும் பெயருக்குச் சீனப் பொதுமொழியான மாண்டரினில் சென் என்று உச்சரிப்பு. அது ஐந்தாம் இடத்தில் வருகிறது. வடசீனத்தில் ஒரு தெருவில் நின்று கூப்பிட்டால் வாங்குகளும் லீகளும்தான் அதிகம் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் சிங்கப்பூர்ச் சீனர்கள் சீனா முழுவதிலிருந்தும் வந்தவர்கள் அல்லர். தென்கிழக்குக் கடலோரத்திலிருந்து வந்தவர்கள். ஃபூஜியன், குவாங்தோங், ஹைனான் ஆகிய மூன்றும் அவர்களுடைய தாய்வீடுகள். இந்த மூன்றிலுமே சென் முதலிடம். ஃபூஜியனில் "சென்னும் லின்னும் பாதி உலகம்" என்று ஒரு சொலவடையே உண்டு. அந்த லின்தான் இங்கே லிம். ஆக, அந்தச் சொலவடையில் வரும் இரண்டு பேரும் அப்படியே கப்பலேறி வந்து சிங்கப்பூர்ப் பட்டியலில் முதலிரண்டு இடங்களில் உட்கார்ந்துகொண்டார்கள். அதே ஃபூஜியன் கரையிலிருந்து பெரும்பான்மையோர் குடியேறிய தைவானிலும் இதே வரிசைதான்: முதலில் சென், பிறகு லின். அங்கே நூற்றுக்குப் பதினொருவர் சென்.

வந்தவர்கள் அவரவர் பேசிய சீன மொழியை வைத்துத் தனித்தனிக் கூட்டங்கள், அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2010 கணக்கெடுப்பில் சிங்கப்பூர்ச் சீனர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் ஹொக்கியன், 20 விழுக்காட்டினர் தியோச்சு, கிட்டத்தட்ட 15 விழுக்காட்டினர் கான்டனீஸ். ஹொக்கியன்காரர்களும் தியோச்சுக்காரர்களும் இந்தப் பெயரை டான் என்றே சொல்வார்கள். தியோச்சு வாயில் சில சமயம் டாங் என்று ஒலிக்கும், அவ்வளவுதான். இந்த இரு கூட்டமும் சேர்ந்தால் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. ஒரு குடும்பப் பெயர் ஒரு நாட்டில் எப்படிப் பரவியிருக்கிறது என்று கேட்டால், எந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஃபூஜியனில் மட்டும் இவர்கள் எப்படிப் பெருகினார்கள்?

இதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னால் போக வேண்டும். இன்றைய ஹெனான் மாநிலத்தில் சென் என்று ஒரு சிற்றரசு இருந்தது. சோவ் மன்னர் வூ, பழம்பேரரசர் ஷுன்னின் வழிவந்த ஒருவருக்கு அந்த நிலத்தைக் கொடுத்தார் என்பது வரலாறும் தொன்மமும் கலந்த செய்தி. பிற்பாடு சூ அரசு அதை விழுங்கிவிட்டது. நாடு போனது, நாட்டின் பெயர் மக்களின் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

அங்கிருந்து தெற்கே வந்த அலைகள் பல. ஃபூஜியன்காரர்கள் நினைவில் வைத்திருப்பது ஏழாம் நூற்றாண்டில் வந்த அலையை. தாங் அரசு கடலோரக் கலகங்களை அடக்க ஒரு படையை அனுப்பியது. தந்தையோடு வந்த சென் யுவான்குவாங் பிறகு அந்தப் படைக்குத் தலைமை ஏற்று, 686-இல் ஜாங்ஜோவ் என்ற நிர்வாகப் பகுதியை உருவாக்கினார். படையோடு வந்த குடும்பங்கள் அங்கேயே நிலைத்துவிட்டன. 711-இல் போரில் இறந்த அவரை மக்கள் தெய்வமாக்கினார்கள், "ஜாங்ஜோவைத் திறந்த புனித அரசர்" என்று பட்டம் கொடுத்து. நம்மூரில் எல்லைப் போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நட்டுக் குலதெய்வமாகக் கும்பிடுகிறோமே, அந்த வழக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது இது.

டான், சான், சின், சென் எல்லாம் ஒன்றா?

ஆம், எழுத்தில் ஒன்று. சீன எழுத்தில் எழுதினால் ஒரே வடிவம்: இடப்பக்கம் "காது", வலப்பக்கம் "கிழக்கு". சீனர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது "காது-கிழக்கு சென்" என்று சொல்வதைக் கேட்கலாம். அந்த ஒரே வடிவத்தை ஹொக்கியன்காரர் டான் என்றும், கான்டனீஸ்காரர் சான் என்றும், ஹக்காக்காரர் சின் என்றும், மாண்டரினில் சென் என்றும் படிக்கிறார்கள். சரவாக்கின் சிபு பக்கம் ஃபூச்சோவ்காரர்கள் அதையே டிங் என்பார்கள். வியட்நாமில் அது திரான். சிங்கப்பூர் அரசியலில் டான் சுவான் ஜின்னும் சான் சுன் சிங்கும் ஆங்கில எழுத்தில் இரண்டு குடும்பம், சீன எழுத்தில் ஒரே குடும்பப் பெயர்.

"ட" எப்படி "ச" ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு டீக்கடையைக் காட்டுவேன். நாம் டீ என்கிறோம், மலையாளி சாயா என்கிறார். இரண்டும் ஒரே சீனச் சொல். ஹொக்கியன் துறைமுகம் வழியாக வந்தது தே, டீ என்றானது, நம் தேயிலையிலும் அதே "தே"தான் உட்கார்ந்திருக்கிறது. மற்ற வழிகளில் வந்தது சா, சாய், சாயா என்றானது. தேநீரைக் குறிக்கும் சீனச் சொல்லும் இந்தக் குடும்பப் பெயரும் பழஞ்சீனத்தில் ஒரே மெய்யொலியில் தொடங்கியவை. "மின்" என்ற சீன மொழிக் குழுவைச் சேர்ந்த ஹொக்கியன் போன்ற மொழிகள் அந்தப் பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்தன, மற்றவை "ச" பக்கம் சாய்ந்துவிட்டன. ஆகவே தே குடிப்பவர் டான், சா குடிப்பவர் சான் அல்லது சென். கான்டனீஸில் சா, சான். மாண்டரினில் சா, சென். வியட்நாமியத்தில் திரா, திரான். ஒரு முறை காதில் ஏறிவிட்டால் மறக்காது.

ஒரே பெயரை இப்படி ஆளுக்கொரு விதமாக எழுத யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. காலனி காலத்தில் குமாஸ்தா காதில் விழுந்ததை அவர் கைப்போக்கில் எழுதினார், அது ஆவணமாகி, ஆவணம் பரம்பரையாகிவிட்டது. நம் தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் பதிவேடுகளில் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

அப்படியானால் டான் என்று எழுதியிருந்தாலே அந்தக் குடும்பம்தானா?

இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே எழுத்து பல உச்சரிப்பாகப் பிரிந்ததுபோல, ஒரே உச்சரிப்புக்குள் பல குடும்பங்கள் ஒளிந்திருக்கும். சீனாவிலிருந்து அண்மையில் வந்த ஒருவரின் கடவுச்சீட்டில் டான் என்றிருந்தால் அது பெரும்பாலும் மாண்டரின் டான், முற்றிலும் வேறு பெயர். கான்டனீஸில் அதற்கு டாம் அல்லது தாம் என்று பெயர். பழைய சிங்கப்பூர் டானுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இதைவிடக் குழப்பமான பெயர் இங். உயிரெழுத்தே இல்லாமல் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தில் எழுதுவார்கள். ஹொக்கியன், தியோச்சு வீட்டு இங், மாண்டரினில் ஹுவாங். கான்டனீஸ் வீட்டு இங், மாண்டரினில் வூ. அதே ஹுவாங்கைக் கான்டனீஸ்காரர் வோங் என்பார், ஆனால் வாங் என்ற இன்னொரு குடும்பத்தையும் அவர் வோங் என்றே சொல்வார். இதனால்தான் சீனர்கள் பெயரைக் கேட்டதோடு விடாமல் "எந்த வோங்?" என்று அடுத்த கேள்வி கேட்கிறார்கள். காதால் பெயரைத் தெரிந்துகொள்ள முடியாது, கண்ணால்தான் முடியும்.

மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பது: டான்ஸ்ரீக்களும் டான் குடும்பமா? இல்லை. அது மாமன்னர் வழங்கும் விருதுப் பட்டம். மலேசிய இந்தியக் காங்கிரஸின் (மஇகா) தலைவராக இருந்த மாணிக்கவாசகமும் டான்ஸ்ரீதான், அவருக்கும் ஃபூஜியனுக்கும் என்ன தொடர்பு? டான் குடும்பத்துச் சீனர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தால் டான்ஸ்ரீ டான் என்று வரும், அது வேறு கதை. இந்தோனேசியப் புரட்சியாளர் டான் மலாக்காவையும் சிலர் சீனர் என்று நினைக்கிறார்கள். அவர் சுமத்ராவின் மினாங்கபாவ் இனத்தவர், சுத்தான் என்ற பட்டத்தின் வால்தான் அந்த டான்.

டான்கள் எல்லாரும் பங்காளிகளா? டானும் டானும் கல்யாணம் செய்துகொள்ளலாமா?

பழைய வழக்கப்படி கூடாது. ஒரே குடும்பப் பெயர் என்றால் ஒரே மூதாதை, ஆகவே அண்ணன் தங்கை முறை என்பது எண்ணம். சீனாவின் கடைசி அரச மரபான சிங் மரபின் காலத்துச் சட்டமே அதைத் தடை செய்திருந்தது. ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்கக் கூடாது என்று நம்மில் சிலர் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய சிங்கப்பூரில் சட்டத் தடை எதுவும் இல்லை. பாட்டிமார் மட்டும் சற்று முகம் சுளிக்கலாம்.

பங்காளிகளா என்றால், பெயரளவில் மட்டும். ஆனால் அந்தப் பெயரளவு உறவுக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது. ஊர் பேர் தெரியாத துறைமுகத்தில் வந்து இறங்கியவனுக்கு, "நீயும் டானா?" என்று கேட்கும் ஒருவர் கிடைத்தால் படுக்க இடமும் செய்ய வேலையும் கிடைத்த மாதிரி. அதன் கல்லும் மரமுமான சாட்சி மேகசின் ரோட்டில் இருக்கும் போ சியாக் கெங் என்ற டான் குலக்கோயில். 1876-இல் கட்டத் தொடங்கி 1878-இல் முடித்தார்கள். முன்னின்றவர்கள் டான் கிம் சிங்கும் டான் பெங் சுவீயும். மூலவர் வேறு யாருமில்லை, மேலே சொன்ன சென் யுவான்குவாங்தான். ஒரு காலத்தில் கோயிலுக்குள்ளேயே பள்ளிக்கூடமும் நடந்தது. 1974-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். சிங்கப்பூர் ஆற்றங்கரைப் பக்கம் போனால் எட்டிப் பாருங்கள்.

சிங்கப்பூரில் டான்கள் அதிகமாக வாழும் பேட்டை எது?

இப்போது அப்படி ஒன்று கிடையாது. முன்பு மொழிக் கூட்டங்களுக்குத் தனித்தனித் தெருக்கள் இருந்தன: ஹொக்கியன்காரர்கள் தெலுக் ஆயர், அமோய் ஸ்திரீட் பக்கம், தியோச்சுக்காரர்கள் ஆற்றோரம், கான்டனீஸ்காரர்கள் கிரேத்தா ஆயர், ஹைனான்காரர்கள் மிடில் ரோடு. 1960-க்குப் பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் எல்லாரையும் கலைத்துப்போட்டன. பினாங்கில் இன்றும் கடல்மேல் மரத்தூண்களில் நிற்கும் குலத் துறைகளை, அதாவது ஒரே குலத்தார் குடியிருக்கும் படகுத்துறைகளைப் பார்க்கலாம், அவற்றில் ஒன்று டான் துறை. சிங்கப்பூரில் அதுபோல எதுவும் மிஞ்சவில்லை.

ஊர்ப் பெயர்களில் இருக்கும் டான்கள் யார் யார்?

நம்மவர்களுக்கு முதலில் தெரிவது டான் டோக் செங் மருத்துவமனை. 1798-இல் மலாக்காவில் பிறந்த டான் டோக் செங் காய்கறியும் கோழியும் விற்றுத் தொடங்கி பெரும் வணிகரானவர். கையில் காசில்லாத நோயாளிகளுக்காக அவர் கொடுத்த பணத்தில் 1844-இல் பேர்ல்ஸ் ஹில்லில் அடிக்கல் நாட்டினார்கள். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நம் நாகூர் தர்காவுக்கு அருகிலேயே நிற்கும் தியான் ஹொக் கெங் கோயிலுக்கும் பெரிய கொடையாளி அவர்தான். கடலைத் தாண்டி வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஒரே தெருவில் ஒருவர் சீனர்களின் கடல் தெய்வமான மாசோ அம்மனுக்கும் இன்னொருவர் நாகூர் ஆண்டவருக்கும் கட்டியிருக்கிறார்கள். குலக்கோயில் கட்டிய டான் கிம் சிங், டான் டோக் செங்கின் மகன்.

இன்னொருவர் டான் கிம் செங். நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவர 1857-இல் 13,000 டாலர் கொடுத்தார். அந்தத் திட்டம் சொதப்பியது, பணமும் போனது. பிறகு அவர் நினைவாக அரசு 1882-இல் வைத்த நீரூற்று இப்போது எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கிறது. குலக்கோயிலின் மற்றொரு புரவலரான டான் பெங் சுவீ இவர் மகன். கிம் செங் ரோடு, பேரன் பெயரில் ஜியாக் கிம் ஸ்திரீட் என்று சாலைகளும் உண்டு. இந்தச் சாலைப் பெயர்களில் டானைக் காணோம் என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் டான் என்றானபின் அதைப் போட்டு என்ன பயன் என்று விட்டார்களோ என்னவோ.

டவுன்டவுன் ரயில் பாதையில் இறங்குகிறவர்களுக்கு டான் கா கீ நிலையம் தெரியும். 1874-இல் ஃபூஜியனின் ஜிமெய்யில் பிறந்து, இங்கே ரப்பரில் சம்பாதித்து, 1919-இல் சிங்கப்பூரில் சீன உயர்நிலைப் பள்ளியையும் 1921-இல் சீனாவில் ஷியாமென் பல்கலைக்கழகத்தையும் நிறுவியவர். கோலாலம்பூர்க்காரர்கள் தங்கள் ரயில் பாதையில் உள்ள சான் சவ் லின் நிலையத்தைச் சொல்வார்கள். இரண்டும் ஒரே குடும்பப் பெயர். சிங்கப்பூரில் ஹொக்கியன் வாய், கோலாலம்பூரில் கான்டனீஸ் வாய். அந்த ஊரின் பெத்தாலிங் ஸ்திரீட் பக்கம் இருக்கும் சான் குல மாளிகையும் இதே கதையைச் சொல்லும்.

மற்ற நாடுகளில் இந்தப் பெயர் என்ன ஆனது?

பிலிப்பீன்ஸில் டான் என்றே நின்றது, பெரும் பணக்காரர் லூசியோ டான் ஓர் எடுத்துக்காட்டு. இந்தோனேசியாவில் 1966-இல் சீனர்கள் இந்தோனேசியப் பெயர் வைத்துக்கொள்ளத் தூண்டும் ஆணை வந்தபோது பலர் டானை உள்ளே புதைத்து நீளமான பெயர் செய்துகொண்டார்கள். தொழிலதிபர் சுக்காந்தோ தனோத்தோவின் "தனோத்தோ"வுக்குள் டான் இருக்கிறது. தாய்லாந்திலும் "தன்" என்று தொடங்கும் நீண்ட குடும்பப் பெயர்கள் சிலவற்றில் இதே உத்தி. பெயரை மறைக்கச் சொன்னால் முழுதாக மறைக்காமல் ஒரு நுனியை வெளியே விட்டுவைப்பது மனித இயல்பு.

தமிழில் டான் என்பதா, தான் என்பதா?

ஹொக்கியன் ஒலிப்பில் அந்த "ட" நம் "ட"வைவிட மென்மையானது, "த"வுக்கும் "ட"வுக்கும் இடையில் நிற்கும். ஆனால் சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் டான் என்று நிலைத்துவிட்டது, அதையே எழுதுங்கள். "தான்" என்று எழுதினால் "தான் வந்தார்" என்ற வரியை யார் எப்படிப் படிப்பது?

மாண்டரின் பரவியபின் டான்கள் சென் ஆகிவிடுவார்களா?

1979-இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியபின் அப்படி ஒரு முயற்சி நடந்தது. எண்பதுகளில் பள்ளிகளில் பிள்ளைகளின் பெயரை மாண்டரின் ஒலிப்பில் எழுதச் சொன்னார்கள். சொந்தப் பெயரை மாற்றப் பெற்றோர் இசைந்தார்கள், குடும்பப் பெயரில் கைவைக்கப் பலருக்கு மனம் வரவில்லை. அப்பா டான், மகன் சென் என்றால் கேட்பவர் என்ன நினைப்பார்? ஆகவே இன்று இளையோரிடம் ஒரு கலப்புப் பெயரைப் பார்க்கிறீர்கள்: குடும்பப் பெயர் ஹொக்கியன் டான், பின்னால் வருவது மாண்டரின் ஜியா லே, ஷின் யீ. ஹொக்கியனில் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாத பேரப்பிள்ளையின் அடையாள அட்டையில் அந்த ஒரு சொல் மட்டும் ஹொக்கியனில் நிற்கிறது.

சீனாவிலிருந்து வரும் புதியவர்கள் சென் என்றே பதிந்துகொள்கிறார்கள். ஆங்கிலப் பாடவேளையில் வருகைப் பதிவு எடுக்கும்போது டான் வேறு, சான் வேறு, சின் வேறு, சென் வேறு. அடுத்த பாடவேளை சீன மொழி. ஆசிரியர் சென் என்று தொடங்கும் பெயர்களை வரிசையாகக் கூப்பிட, நான்கு மேசைகளிலிருந்தும் கை உயர்கிறது.